பணம் போன பின்னும் ஆடும் ஊர்: லியெபாயா கால்பந்தின் நூறாண்டு

சோவியத் ஒன்றியத்திலிருந்து லாத்வியா விடுபட்டபின், 1992 முதல் 2024 வரை, அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான விர்ஸ்லீகாவில் பட்டம் வென்ற கழகங்கள் ஒன்பது. ரீகாவின் ஸ்கோண்டோ, லியெபாயாஸ் மெட்டலுர்க்ஸ், வெண்ட்ஸ்பில்ஸ், டௌகவ்பில்ஸ் நகரின் டௌகவா, எஃப்.கே. லியெபாயா, யூர்மலாவின் ஸ்பார்டாக்ஸ், ரீகா எஃப்.சி., ஆர்.எஃப்.எஸ்., வல்மியெரா. 2025-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது இவற்றில் மூன்று மட்டுமே விர்ஸ்லீகாவில் இருந்தன. தொடர்ந்து 14 பட்டங்கள் வென்ற ஸ்கோண்டோ 2016-இல் உரிமம் இழந்து, அதே ஆண்டு முடிவதற்குள் திவாலானது. வெண்ட்ஸ்பில்ஸை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2021-இல் ஏழு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. டௌகவா 2012-இல் சாம்பியன். மூன்றே ஆண்டுகளில் உரிமம் போயிற்று. வல்மியெரா 2022-இல் முதன்முறையாகப் பட்டம் வென்றது. 2025-இல் விர்ஸ்லீகாவில் அதற்கு இடமில்லை. ஒரு நாட்டில் சாம்பியன் கழகங்களே இப்படி மறைந்துகொண்டிருந்தால், அதைத் தனித்தனி நிர்வாகிகளின் குற்றமாகவோ தனித்தனி விபத்துகளாகவோ பார்த்துவிட்டு நகர முடியாது. எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரு காரணம் இருக்கவேண்டும். அதை நன்றாகக் காட்டும் களம் லியெபாயா நகரம் என்பது என் கருத்து. அங்கே ஒரு நூற்றாண்டில் கால்பந்துக் கழகம் பலமுறை கலைந்தது. பலமுறை பெயர் மாறியது. ஆனால் உயர்மட்டக் கால்பந்து அந்த ஊரைவிட்டு நெடுங்காலம் விலகியதே இல்லை. எது மடிகிறது, எது தங்குகிறது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது. கழகம் என்னும் அமைப்பு அதற்குப் பணம் கொடுப்பவரின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டிருக்கிறது. ஊரின் மைதானமும் சிறுவர்களைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் அந்த ஆயுளுக்குக் கட்டுப்படாமல் நிற்கின்றன. லாத்வியக் கால்பந்தின் வரலாற்றை இந்த இரண்டையும் பிரித்துத்தான் எழுதவேண்டும்.

லியெபாயா, குர்ஸெமே பகுதியின் மேற்குக் கரையில் பால்டிக் கடலை நோக்கி நிற்கும் துறைமுக நகரம். ரஷ்யப் பேரரசு அங்கே பெரும் கடற்படைத் தளம் கட்டியது; 1882-இல் தொடங்கிய கம்பித் தொழிற்சாலை பின்னாளில் உருக்காலையாக வளர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் லாத்வியா தனி நாடானபோது, தலைநகர் ரீகாதான் எல்லாவற்றுக்கும் மையம். கால்பந்திலும் அப்படியே. 1922 முதல் 1940 வரை தேசியப் பட்டத்தை வென்றவற்றில் ரீகாவுக்கு வெளியேயிருந்து வந்த கழகம் ஒன்றே ஒன்றுதான். அது 1922-இல் லியெபாயாவில் தோன்றிய ஒலிம்பியா. 1927, 1928, 1929 என்று தொடர்ந்து மூன்று முறை, பிறகு 1933, 1936, 1938, 1939 என்று ஆக ஏழு பட்டங்கள். தலைநகரின் ஆர்.எஃப்.கே. கழகம் மட்டுமே இதைவிட அதிகம் வென்றது. மக்கள்தொகையிலும் செல்வத்திலும் ரீகாவின் அருகில்கூட வர முடியாத ஒரு நகரத்துக்கு இது எப்படி வாய்த்தது என்ற கேள்விக்கு, வியன்னாவிலிருந்து வந்த பயிற்சியைப் பதிலின் ஒரு பகுதியாகச் சொல்லலாம். அக்காலத்தில் குறுகிய பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டும் முறைக்கு ஆஸ்திரியா பெயர் பெற்றிருந்தது. லாத்வியா ஆஸ்திரியப் பயிற்சியாளர்களை விரும்பி அழைத்தது. தேசிய அணியையும் ருடால்ஃப் ஸ்டான்ஸெல் என்ற ஆஸ்திரியரே பயிற்றுவித்தார். துறைமுக நகரமான லியெபாயா வெளியுலகப் போக்குவரத்துக்குப் பழகியது. வெளிநாட்டுப் பயிற்சியாளரை அமர்த்துவதில் அது தயங்கவில்லை.

அப்படி 1936-இல் வந்தவர் ஓட்டோ ஃபிஷர். 1901-இல் வியன்னாவில் பிறந்த யூதர். ஃபர்ஸ்ட் வியன்னா, ஹகோவா வியன்னா கழகங்களில் ஆடியவர். ஆஸ்திரிய தேசிய அணிச் சட்டையும் அணிந்தவர். அவர் கையில் ஒலிம்பியா மூன்று பட்டங்களை வென்றது. அதே காலத்தில், 1937 அக்டோபரில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் லாத்விய அணி வியன்னாவில் ஆஸ்திரியாவிடம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றது. அடுத்த மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ஆஸ்திரியாவின் உலகக் கோப்பை இடம் காலியானது. அந்த இடத்துக்கு லாத்வியாவை யாரும் அழைக்கவில்லை. வியன்னாவில் யூதர்களின் வாழ்வு அழிக்கப்பட்டபோது ஃபிஷர் லியெபாயாவில் இருந்தார். ஆனால் அந்த அழிவு அங்கேயும் வந்து சேர்ந்தது. 1940-இல் சோவியத் ஆக்கிரமிப்பு, 1941 ஜூன் இறுதியில் ஜெர்மானியப் படை. நகரம் வீழ்ந்த சில நாட்களுக்குள், ஜூலையில், ஃபிஷர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நகருக்கு வடக்கே ஷ்கேடே மணற்குன்றுகளில் மூன்றே நாட்களில் 2,700-க்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். லியெபாயா கால்பந்தின் பட்டப் பட்டியலில் 1936, 1938, 1939 ஆகிய ஆண்டுகளைப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இந்தப் பெயரையும் இந்த முடிவையும் அதே வரியில் எழுதியாக வேண்டும். ஒரு கழகம் எப்படி முடிகிறது என்ற கேள்விக்கு லியெபாயா தந்த முதல் விடை இது. அதை முடித்தது பணமுடை அல்ல, இரண்டு அரசுகளின் வன்முறை. என் வாதத்துக்கு இது முக்கியம். ஏனென்றால் அமைப்பு, தலைமை, பயிற்சியாளர், உறுப்பினர் என்று எல்லாமே அழிந்த பிறகும் அந்த ஊரில் கால்பந்து மீண்டது. மீட்டவர் வேறு, மீண்ட இடம் அதே.

போருக்குப் பிந்திய சோவியத் ஏற்பாட்டில் கழகம் என்பது உறுப்பினர்கள் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கம் அல்ல. தொழிற்சாலை, தொழிற்சங்கம், காவல்துறை, ராணுவம், அமைச்சகம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் கிளையாகத்தான் அது இருக்க முடியும். ஆட்டக்காரர்கள் ஏட்டளவில் தொழிலாளர்கள். சம்பளம் அந்த நிறுவனத்தின் கணக்கில். நடைமுறையில் முழுநேர விளையாட்டு வீரர்கள். லியெபாயாவில் 1949 முதல் அணி உருக்காலையின் பெயரைச் சுமந்தது: சர்கனைஸ் மெட்டலுர்க்ஸ், அதாவது செந்நிற உலோகத் தொழிலாளி. 1950-களில் லாத்விய சோவியத் குடியரசின் பட்டத்தை அது பலமுறை வென்றது. 1962-இல் அதன் பெயர் மீனவர் என்று பொருள்படும் ஸ்வெய்னியெக்ஸ் ஆனது. 1980-களின் இறுதிவரை அப்பெயரே நிலைத்தது. உருக்கும் மீனும் அந்த நகரத்தின் இரண்டு பெரிய பிழைப்புகள். கடற்படைத் தளத்தின் காரணமாக நகரம் வெளியாருக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. ரீகாவின் டௌகவா 1960-களின் தொடக்கத்தில் சோவியத் உயர்நிலைப் பிரிவில் ஆடியது. லியெபாயா அந்த உயரத்தை எட்டவில்லை. ஆயினும் சோவியத் காலம் விட்டுச்சென்ற ஒரு ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஊருக்கு ஊர் சிறுவர் விளையாட்டுப் பள்ளிகள் அமைந்தன. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை எடுத்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து பயிற்றுவித்தார்கள். சோவியத் ஆட்சி லாத்வியாவுக்குச் செய்த கொடுமைகளின் முன் இதை ஈடாக வைப்பது அபத்தம். ஆனால் ஆட்சி போனபின் நகராட்சிகள் கைக்கொண்டு காப்பாற்றிய சில நல்ல ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

1990-இல், சோவியத் ஒன்றியம் இன்னும் ஏட்டில் இருந்தபோதே, லியெபாயா அணி மீண்டும் ஒலிம்பியா என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள், மூன்று ஆக்கிரமிப்புகள், இரண்டு தொழில்களின் பெயர்கள் ஆகியவற்றைத் தாண்டி ஊரின் நினைவில் அந்தப் பெயர் உயிரோடு இருந்திருக்கிறது. கழகங்களின் வரலாற்றை எழுதும்போது பதிவு ஆவணங்களை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது எனக்கு வலுவான சான்று. ஆனால் நினைவு சோறு போடாது. 1990-களின் முதல் பாதி லியெபாயாவுக்குக் கடுமையான காலம். சோவியத் சந்தை உடைந்து தொழில்கள் சரிந்தன. 1994-இல் ரஷ்யப் படை வெளியேறியது. 1989-இல் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் அளவில் இருந்த மக்கள்தொகை விரைவாகக் குறையத் தொடங்கி, இன்று எழுபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் கழகத்தின் பெயர் மீண்டும் மீண்டும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிய ஆதரவாளரைத் தேடும் நெருக்கடி இருந்தது. 1997-இல் உருக்காலை முன்வந்தது. கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும் சேர்ந்த கழகமாக லியெபாயாஸ் மெட்டலுர்க்ஸ் பிறந்தது.

அடுத்த பதினாறு ஆண்டுகள் லியெபாயா கால்பந்தின் இரண்டாவது பொற்காலம். பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானத்துக்கான கம்பி உற்பத்தி செய்த அந்த ஆலை லாத்வியாவின் மிகப் பெரிய தொழிலகங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை செய்தார்கள். ஏற்றுமதி நன்றாக இருந்தால் கழகத்துக்கு நல்ல காலம். அப்போது ரீகாவின் ஸ்கோண்டோ அசைக்க முடியாத அணியாக இருந்தது. அதன் தலைவர் குண்டிஸ் இந்த்ரிக்சன்ஸ் 1996 முதல் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவர். அந்த ஆதிக்கத்தை 2005-இல் உடைத்தது லியெபாயாஸ் மெட்டலுர்க்ஸ். பயிற்சியாளர் லிதுவேனியாவின் பெஞ்சமினாஸ் ஸெல்கேவிச்சுஸ். சுதந்திரம் மீண்டபின் தலைநகருக்கு வெளியே ஒரு கழகம் பட்டம் வென்றது அதுவே முதல்முறை. 1939-க்குப் பின் சுதந்திர லாத்வியாவின் பட்டம் மீண்டும் லியெபாயாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு லாத்வியக் கோப்பை, 2007-இல் பால்டிக் நாடுகளின் கழகங்களுக்கான பால்டிக் லீக். 2009-இல், ஜெர்மனியின் ஷால்க கழகத்தின் பழைய நட்சத்திரம் ரூடிகர் அப்ராம்சிக்கின் பயிற்சியில், இரண்டாவது தேசியப் பட்டம். அந்த ஆண்டில்தான் லாத்வியாவின் பொருளாதாரம் ஏறத்தாழ 14 விழுக்காடு சுருங்கியது என்பதை மறக்கக்கூடாது. நாடே வேலையிழந்து தவித்தபோது கழகம் சாம்பியனாக நின்றது. கழகத்தின் வெற்றிக்கும் அதன் அடித்தளத்தின் வலிமைக்கும் இடையே நேரடித் தொடர்பு கிடையாது என்பதை அப்போதே உணர்ந்திருக்கலாம். பட்டம் வெல்லும் அணி, அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழியில்லாத அணியாகவும் இருக்கலாம்.

ஐரோப்பியப் போட்டிகள் இந்த வெற்றியின் உண்மையான அளவைக் காட்டின. 2006-இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் டைனமோ கீவிடம் லியெபாயா சொந்த ஊரில் 1-4, கீவில் 0-4 என்று தோற்றது. இதில் கவனிக்கவேண்டியது இடைவெளி மட்டுமல்ல. அதே டைனமோ கீவ்தான் லியெபாயாவில் பிறந்து, அந்த ஊரிலேயே ஆடத் தொடங்கிய மாரிஸ் வெர்பகோவ்ஸ்கிஸை ஸ்கோண்டோவிடமிருந்து வாங்கியிருந்தது. 2003 நவம்பரில் துருக்கிக்கு எதிரான இரண்டு தகுதி ஆட்டங்களிலும் கோல் அடித்து லாத்வியாவை 2004 ஐரோப்பியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றவர் அவர். பால்டிக் நாடுகளில் இன்றுவரை வேறு எதுவும் அந்த இடத்தை எட்டியதில்லை. அங்கே செக் அணிக்கு எதிராக லாத்வியா அடித்த ஒரே கோலும் அவருடையதே. லியெபாயா பயிற்றுவித்தது, ரீகா வாங்கியது, கீவ் கொண்டுபோயிற்று. பெரிய பட்டங்களைத் தக்கவைக்கும் வலிமை அந்த ஊருக்கு இல்லை. பெரிய ஆட்டக்காரர்களை உருவாக்கும் வலிமை இருந்தது. முதலாவது வலிமை ஆலையின் வரவுசெலவைச் சார்ந்தது. இரண்டாவது, ஆலை வருமுன்பே அங்கு வேரூன்றியிருந்தது. வெர்பகோவ்ஸ்கிஸ் முதலில் சட்டை மாட்டியது உருக்காலை கழகத்தை ஏற்பதற்கு முந்திய, யாருக்கும் நிச்சயமில்லாத அந்த 1990-களின் நடுப்பகுதியில்தான்.

ஆலையின் வீழ்ச்சி கால்பந்தால் வந்ததல்ல. பழைய மார்ட்டின் உலைகளை விட்டு மின்வில் உலைக்கு மாறப் பெரும் கடன் வாங்கப்பட்டது. இத்தாலிய வங்கியான யூனிகிரெடிட் கொடுத்த அந்தக் கடனுக்கு லாத்விய அரசே பிணை நின்றது. புதிய உலை 2011-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 2008-க்குப் பிந்திய ஐரோப்பாவில் கட்டுமானம் படுத்துவிட்டது. கம்பியின் விலை விழுந்தது. மின்சாரச் செலவு ஏறியது. 2013-இல் ஆலையால் தவணை கட்ட முடியவில்லை. பிணை நின்ற அரசு வரிப்பணத்திலிருந்து கட்டவேண்டியதாயிற்று. நவம்பரில் ஆலை திவாலாக அறிவிக்கப்பட்டது. கால்பந்துக் கழகமும் ஹாக்கிக் கழகமும் கூடவே முடிந்தன. 2014-இல் உக்ரைனின் கே.வி.வி. குழுமம் 10.7 கோடி யூரோவுக்கு ஆலையை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2015-இல் உலை மீண்டும் எரிந்தது. 2016-இல் மறுபடி அணைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தின் முன் ஒரு கால்பந்து அணி சிறிய விஷயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அணிக்கு நேர்ந்தது, ஒரே முதலாளியை நம்பி நின்ற எல்லாவற்றுக்கும் நேர்ந்ததன் துல்லியமான சிறு பிரதி. வீரர்களின் திறமை குறையவில்லை, பார்வையாளர் விலகவில்லை, ஆட்டத்தில் தோற்கவுமில்லை. ஒரு வங்கித் தவணை தவறியது. நகரத்தின் முதன்மைக் கழகம் இல்லாமல் போயிற்று.

இனி நடந்ததுதான் என் வாதத்தின் மையம். 2014-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குவதற்குள் எஃப்.கே. லியெபாயா என்ற புதிய கழகம் அமைந்து, பழைய கழகத்தின் இடத்தில் நேராக விர்ஸ்லீகாவில் இறங்கியது. முன்னின்றவர்களில் வெர்பகோவ்ஸ்கிஸ் ஒருவர். பயிற்சியாளர், மெட்டலுர்க்ஸின் முன்னாள் கோல்மன்னர் விக்டர்ஸ் டோப்ரெட்சோவ்ஸ். ஆடியவர்களில் பலர் அதே ஊர்ப் பள்ளிகளிலும் சுற்றுப்புறத்திலும் வளர்ந்த இளைஞர்கள். கடற்கரைப் பூங்காவை ஒட்டிய அதே டௌகவா மைதானம். பணமில்லாத, ஆலையில்லாத இந்த அணி தன் இரண்டாம் ஆண்டிலேயே, 2015-இல், தேசியப் பட்டத்தை வென்றது. பிறகு 2017-இலும் 2020-இலும் லாத்வியக் கோப்பை. புதிய அணியின் முதற்பருவத்தில் மின்னிய ஜானிஸ் இகவுனியெக்ஸ் 2015 தொடக்கத்தில் பிரான்ஸின் மெட்ஸ் கழகத்துக்குப் போனார். அவர் அண்ணன் தாவிஸ் பட்டத்தை வென்றுதந்த கோல்களை அடித்துவிட்டு செக் நாட்டுக்குப் போனார். 2016 சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் லியெபாயா ரெட்புல் சால்ஸ்பர்க்கிடம் 0-1, 0-2 என்று தோற்றது. உலகளாவிய பான நிறுவனத்தின் பணம் நிறைந்த ஓர் அணியிடம், நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றின் ஆதரவோடு 2006-இல் தோற்றதைவிட மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோல்வி. எதிரணிகள் வேறு, ஆகவே இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. ஆனாலும் ஆலை போனதோடு ஆட்டத்தின் தரமும் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது தெளிவான மறுப்பு. ஆலையின் பணம் வாங்கித் தந்தது வெளியூர் ஆட்டக்காரர்களையும் வெளிநாட்டுப் பயிற்சியாளரையும். ஊர் கட்டி வைத்திருந்தது அதற்கு அடியில் அப்படியே இருந்தது.

இதற்கு எதிராக எழக்கூடிய வலுவான கேள்வி ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கழகங்கள் ஐரோப்பாவில் எத்தனையோ செழித்திருக்கின்றனவே? ஐந்தோவனின் பி.எஸ்.வி. பிலிப்ஸ் தொழிலாளர்களுக்காக 1913-இல் தொடங்கியது. லெவர்குசன் பேயர் மருந்து நிறுவனத் தொழிலாளர்கள் 1904-இல் அமைத்தது. இரண்டும் இன்றும் ஐரோப்பாவின் முன்னணியில். உண்மைதான். ஆனால் அந்தக் கழகங்கள் பிழைத்ததற்குக் காரணம் ஆலையின் பணம் மட்டுமல்ல. தொலைக்காட்சி உரிமம், நிறையும் அரங்கம், ஆட்டக்காரர் விற்பனை என்று வேறு வருவாய்கள் வளர்ந்து, ஆலையின் பங்கு நாளடைவில் பலவற்றில் ஒன்றாகிவிட்டது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் லாத்வியாவில், பல ஆட்டங்களுக்குச் சில நூறு பேரே வரும் ஒரு தொடரில், அத்தகைய வளர்ச்சிக்கு இடமே இல்லை. பெரிய நாட்டிலும் இதே விதி பொருந்துவதைப் பிரான்ஸின் சோஷோ காட்டுகிறது. பேஷோ கார் நிறுவனம் 1928-இல் தொடங்கிய அக்கழகத்தை நிறுவனம் 2015-இல் விற்றது. அடுத்தடுத்த உரிமையாளர்களின் கீழ் சரிந்து 2023-இல் அது கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அழிவிலிருந்து அதைக் காத்தவர்கள் உள்ளூர் ஆதரவாளர்களும் பழைய நிர்வாகியும். லியெபாயாவில் நடந்ததும் இதுவே. பத்தாண்டு முன்னதாகவும், மிகக் குறைந்த கையிருப்போடும் நடந்தது.

வேறொரு விளக்கமும் சொல்லப்படுகிறது. லாத்வியர்களின் மனம் ஐஸ் ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் இருக்கிறது, கால்பந்துக்கு அங்கே வேரில்லை, ஆகவே கழகங்கள் சாய்வதில் வியப்பில்லை என்பது அது. ஹாக்கியின் செல்வாக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லியெபாயாவில் உருக்காலை கால்பந்தையும் ஹாக்கியையும் சேர்த்தே தாங்கியது. விழுந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 2014-இல் இரண்டு கழகங்களும் புதிய பெயரில் மீண்டன. நாட்டின் செல்லப்பிள்ளையான விளையாட்டுக்கும் அதே கதி என்றால், காரணத்தை விளையாட்டின் செல்வாக்கில் தேடுவது பயனற்றது. ஆட்டத்தை முன்கூட்டி நிர்ணயிக்கும் ஊழல்தான் காரணம் என்போரும் உண்டு. டௌகவ்பில்ஸின் தினபுர்க் 2009-இல் அதற்காகவே தொடரிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஊழல் உண்மை, அருவருப்பானது, அதற்கான தண்டனை நியாயமானது. ஆனால் சொந்த வருவாய் இல்லாத, சம்பளம் தாமதமாகும் அணியில்தான் சூதாட்டத் தரகருக்கு எளிதாக இடம் கிடைக்கிறது. ஊழலைத் தனி நோயாகப் பார்ப்பதைவிட, ஒரே புரவலரை நம்பும் ஏற்பாட்டின் ஒரு விளைவாகப் பார்த்தால்தான் ஏன் அது மீண்டும் மீண்டும் வருகிறது என்பது விளங்கும்.

சட்டப்படியான மறுப்பு இன்னும் கடினமானது. எஃப்.கே. லியெபாயா ஒரு புதிய பதிவு. அதற்கு ஒரே ஒரு தேசியப் பட்டம்தான் உண்டு. மெட்டலுர்க்ஸின் இரண்டையும் ஒலிம்பியாவின் ஏழையும் சேர்த்துப் பத்து என்று சொல்வது உணர்ச்சிக் கணக்கு என்பார்கள் பதிவேட்டை மதிப்பவர்கள். பழைய கழகத்தின் கடன்களைச் சுமக்காத அமைப்பு அதன் வெற்றிகளையும் சுமக்கக்கூடாது என்ற கொள்கையில் நேர்மை இருக்கிறது. கடன் கொடுத்தவரின் பார்வையில் அதை நானும் ஏற்கிறேன். சம்பள பாக்கி வைத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு மறுவாரமே களமிறங்கும் தந்திரத்தை எந்தக் கூட்டமைப்பும் பொறுக்கக்கூடாது. ஆனால் வரலாற்றாசிரியரின் வேலை கடன் வசூலிப்பவரின் வேலை அல்ல. சோவியத் ஆட்சி கலைத்த ஒரு சங்கத்தின் பெயரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஊர் எடுத்துச் சூடிக்கொண்டபோது அதற்குச் சட்ட உரிமை ஏதும் இல்லை. இருந்தும் அந்தச் செயலில் பொய் இல்லை. பட்டங்களைப் பதிவேட்டில் தனித்தனியாக வைக்கட்டும். அவற்றை வென்ற பிள்ளைகள் எங்கே வளர்ந்தார்கள் என்று கேட்டால், அவற்றில் பெரும்பகுதி ஒரே ஊரின் கணக்கில் வந்து சேரும்.

இன்று லாத்வியக் கழகங்களின் புதிய புரவலர் ஐரோப்பியக் கூட்டமைப்பு. தகுதிச் சுற்றுகளில் ஆடினாலே லட்சக்கணக்கான யூரோ கிடைக்கிறது. விர்ஸ்லீகாவின் மேலிடங்களுக்கான போட்டி பெருமளவுக்கு அந்தப் பணத்துக்கான போட்டியாகிவிட்டது. ஆர்.எஃப்.எஸ். 2024-25 யூரோப்பா லீக்கின் முதன்மைச் சுற்று வரை சென்றது. அந்த வருவாயோடு மற்ற கழகங்கள் போட்டியிடுவது இன்னும் கடினமாகும். உருக்காலையின் இடத்தில் இப்போது அந்தக் கூட்டமைப்பின் காசோலை. ஒரு வேறுபாடு உண்டு: இது ஆட்டத்தின் வெற்றிக்காகக் கிடைப்பது, ஆகவே ஓரளவு நியாயமானது. ஆனால் ஒரே ஒரு கோடைக்காலத் தோல்வியில் நின்றுபோகும் வருவாய் என்ற வகையில், கம்பி விலையை நம்பியதைவிட இது உறுதியானதல்ல. லியெபாயா போன்ற ஊர் இந்தப் போட்டியில் தொடர்ந்து வெல்லாது. மேல் இடங்கள் ரீகாவின் இரண்டு பெரிய கழகங்களிடம் குவிந்துவருவது ஏற்கெனவே தெரிகிறது. அதற்கிடையிலும் 2024 பருவத்தில் லியெபாயாவை ஒட்டிய சின்னஞ்சிறு ஊரான க்ரோபின்யாவின் கழகம் விர்ஸ்லீகாவுக்கு உயர்ந்து வந்தது. நாட்டின் மக்கள்தொகை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில், ஒரே வட்டாரத்தில் முதல்நிலைக் கழகங்கள் இரண்டு. வட்டாரத்தில் ஆட்டக்காரர்கள் விளைவது நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

என் வாதம் பிழைபடக்கூடிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஒலிம்பியா ஏறத்தாழ 18 ஆண்டுகள், ஸ்வெய்னியெக்ஸ் 27-க்கும் மேல், மெட்டலுர்க்ஸ் 16 ஆண்டுகள் நீடித்தன. ஒவ்வொரு முறையும் கழகம் கலைந்த சில ஆண்டுகளுக்குள், சிலமுறை சில மாதங்களுக்குள், ஊர் மற்றொன்றைக் கட்ட முடிந்தது. அதற்குக் காரணம் மைதானமும் பயிற்சிப் பள்ளியும் நகராட்சியின் பொறுப்பில் நின்றதுதான் என்கிறேன். அந்தப் பொறுப்பே கைவிடப்பட்டால், அல்லது எழுபதாயிரத்துக்கும் கீழே இறங்கிய மக்கள்தொகை பள்ளிக்குப் போதிய பிள்ளைகளைத் தராத அளவுக்குச் சுருங்கினால், அடுத்த கழகம் கலையும்போது மீட்டெடுக்க அடியில் எதுவும் இருக்காது. ஆகவே லியெபாயா கால்பந்தின் நலத்தை அறிய விரும்புகிறவர் விர்ஸ்லீகாவின் புள்ளிப் பட்டியலைவிட, நகராட்சியின் ஆண்டு வரவுசெலவில் சிறுவர் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையையும், பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும்தான் முதலில் பார்க்கவேண்டும்.